யாழ்ப்பாணத்தில் தவறவிட்ட ஒரு செய்தி

1986ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கோட்டையிலிருந்து ஷெல் வந்து விழுந்தால் அது செய்தி. ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் புறப்பட்டால் அது செய்தியன்று. அத்தகைய குடும்பங்கள் அவ்வளவு பெருகியிருந்தன. அவ்வாண்டு தாயோடும் உடன்பிறந்தாரோடும் இலண்டன் சேர்ந்த சிறுமியொருத்தி, பின்னாளில் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்த பாடகியானார். இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம்.

1975இல் இலண்டனில் பிறந்தவர், ஆறு மாதக் குழந்தையாக இங்கு கொண்டுவரப்பட்டார். தந்தை ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். எம் தலைமுறை வாசகர் அவரை அருளராக, 1977 இனக்கலவர அகதிகளின் கப்பற் பயணத்தைச் சொல்லும் 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியராக அறிவர். அவர் இயக்கப் பணியில் இருக்க, பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர் தாய் கலா. இலண்டனிலும் தையல் வேலை செய்தே அவர் குடும்பத்தைக் காத்தார்.

மகள் இலண்டன் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் பயின்றார். 1995இல் தன் முதல் இசைத்தட்டாலேயே பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்ற றொக் குழு இலாஸ்டிக்கா. அதன் பாடகி ஜஸ்டின் பிரிஷ்மன் இவருடைய தோழியானார். 2000இல் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டின் அட்டையை இவரே வடிவமைத்தார். குழுவின் அமெரிக்கப் பயணத்தையும் படம்பிடித்தார். குழுவில் வாத்தியம் வாசித்தவரல்லர், கமராவோடு நின்றவர்.

அப்பயணத்தில் முன்னதாக மேடையேறிய பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளக் கருவியை இவருக்கு அறிமுகப்படுத்தினார். கிற்றாரும் டிரம்சும் வாசிக்க ஆளின்றி, ஒருவரே தனித்து நின்று முழு இசையையும் ஆக்கலாம் என்பதை இவர் அங்கே கண்டார். 2001இல் இலாஸ்டிக்கா கலைந்தது. 2003இல் 'கலாங்' என்ற பாடல் முதலில் 500 பிரதிகளாக வெளிவந்தது. அதை உடனெழுதியோரில் பிரிஷ்மனும், பல்ப் குழுவின் ஸ்டீவ் மக்கியும் இருந்தனர். ஒரு குழுவின் முடிவில் இன்னொருவரின் தனிவழி பிறந்தது.

2005இல் வந்த முதல் இசைத்தட்டின் பெயர் 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதன் பெயர் 'கலா'. இரண்டாவதற்காகச் சென்னை சென்று நம் உறுமியை ஒலிப்பதிவு செய்தார். த கிளாஷ் என்ற றொக் குழுவின் இசைத்துண்டின்மேல் அமைந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது.

என் தவறு இங்குதான். 'அருளர்' பற்றிய செய்தி 2005இல் என் மேசைக்கு வந்தது. "ஆங்கிலப் பாட்டு, எங்கள் வாசகருக்கு எதற்கு?" என்று ஒதுக்கிவிட்டேன். அப்பெயருக்குப் பின்னாலிருந்த யாழ்ப்பாணத்தைத் தேடவில்லை.

2009இல் வன்னியில் போர் உச்சமடைந்தபோது சுதந்திரச் செய்தியாளர் எவருக்கும் அங்கு அனுமதியில்லை. அவ்வேளையில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழ் மக்களின் அழிவைப் பேசியவர் இவர். புலி ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அவர் மறுத்தார். சிக்கலான வரலாற்றை எளிமையாக்கிவிட்டார் என்ற விமர்சனத்தை நானும் முற்றாகத் தள்ளமாட்டேன். ஆயினும் எழுதவேண்டிய நாங்கள் வாயடைத்திருந்த காலத்தில் ஒரு பாட்டுக்காரி பேசினார் என்பதை எப்படி மறுப்பது?

2018இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்தது. இளமையில் இலங்கை வந்து தன் உறவினரைத் தானே படம்பிடித்த காட்சிகளும் அதில் உண்டு. புறப்பட்டுப் போன குடும்பங்களைப் பற்றி 1986இல் நான் எழுதிய குறிப்பு ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் செய்தியாகக் கருதாததை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.