கலப்பையும் டிராக்டரும் பேசிக்கொண்ட கதை

சிதம்பரம் பக்கம் சம்பா உழவைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் ஒரு கம்பெனி, பின்னால் சுற்றும் ரோட்டவேட்டர் வேறு கம்பெனி. ஆனாலும் மாட்டினால் பொருந்திவிடும்!

காரணம் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். அவருடைய மும்முனை இணைப்பு 1939-ல் ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரில் வந்து பரவியது. கலப்பை கெட்டி மண்ணில் இறங்கினால் மேல் தண்டு அழுத்தப்படும். அந்த அழுத்தமே வால்வை இயக்க, ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். கம்பி இல்லை, சிப் இல்லை. கருவி டிராக்டருக்கு அனுப்பிய முதல் 'தகவல்' இதுதான் என்பேன். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே மூலம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் நம்மூர் வயலுக்கும் வந்தன.

மின்னணுப் பேச்சு பிறந்தது வேறு தொல்லையால். மேலை நாடுகளில் விதைப்பான், உரம் தூவி, மருந்து தெளிப்பான் எல்லாம் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வர, ஓட்டுநர் இருக்கையைச் சுற்றிப் பெட்டிகள்தான்! 1986-ல் பாஷ் நிறுவனம் கார்களுக்காக 'கேன்' வலையமைப்பை அறிமுகம் செய்தது. இரண்டே கம்பியில் எல்லாக் கருவிகளும் பேசலாம். ஜெர்மானியர்கள் அதை வைத்து எல்.பி.எஸ். என்ற தரத்தை உருவாக்கினார்கள். அடுத்து உலகத் தரமாக ஐ.எஸ்.ஓ. 11783 பகுதி பகுதியாக வெளிவந்தது. செல்லப்பெயர் ஐசோபஸ் (கடலூர் பஸ் இல்லை :-)). வேகம் நொடிக்கு 250 கிலோபிட். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் ஒரே திரையில் இயக்கலாம் என்பது கணக்கு. தரம் எழுதியும் கருவிகள் ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்யவே கம்பெனிகள் சேர்ந்து 2008-ல் ஏ.இ.எஃப். அமைப்பைத் தொடங்கின.

நம் பக்கம் சிறு விவசாயிகள் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒருவர் வண்டியில் இன்னொருவர் கருவியை மாட்ட முடிவதால் பிழைப்பு ஓடுகிறது. நாளை கம்ப்யூட்டர் வைத்த டிராக்டர் வாங்குபவர்கள், பக்கத்து வீட்டுக் கருவியோடும் அது பேசுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.