இரண்டு துறைமுகம், நாலு நாள் லீவு

இந்த முறை ஊருக்குப் போகக் கிடைத்திருப்பது மூன்று வாரம். அதில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, பேங்க்கில் முடங்கிக் கிடக்கும் ஒரு கணக்கு, மாமனார் வீட்டில் ஐந்து நாள் கட்டாயக் காவல் எல்லாம் போக மிச்சம் நிற்பது நாலே நாலு நாள். டொராண்டோவில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்த நாலு நாளை எங்கே கழிக்கலாம் என்று யோசிப்பதே தனி சுகம். அந்தமான் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. அந்தமானில் எங்கே என்பதில்தான் சண்டை.

அப்பாவின் ஓட்டு போர்ட் பிளேருக்கு. (2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பழைய கதை பேசப் போவதால் இங்கே பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.) செல்லுலார் சிறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வயது எழுபத்தி நாலு, முழங்கால் தகராறு வேறு. அடுத்த முறை பார்க்கலாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தங்கமணியின் ஓட்டு வட அந்தமானில் இருக்கும் திக்லிபூருக்கு. அங்கே ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவுகள், நடுவே ஒரு மணல்திட்டு. நீர் வற்றும் நேரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். காளிப்பூர் கடற்கரைக்கு ஆமைகள் முட்டையிட வரும். 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக் சிகரமும் அந்தப் பக்கம்தான். 'ஜெயிலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்பது அவள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஆபீஸில் ஆணி குறைவாக இருந்த வாரம் என்பதால் கொஞ்சம் சரித்திரம் படித்தேன். பார்த்தால், இதே இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு எது நல்லது என்ற கேள்வியை 230 வருஷத்துக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டிருக்கிறது! ஆனால் அங்கே தோற்றவர்களுக்குப் போனது லீவு அல்ல, உயிர்.

இந்தக் கதை ஆரம்பிப்பது நம்ம மெட்ராஸில். 18ஆம் நூற்றாண்டில் மெட்ராஸுக்குக் கோட்டை இருந்தது, கவர்னர் இருந்தார், துறைமுகம் மட்டும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சாமானும் ஆட்களும் மசூலாப் படகில் அலைக்குத் தப்பிக் கரை சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்தால் போர்க்கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டே ஓட வேண்டும், பெரும்பாலும் பம்பாய்க்கு. திரிகோணமலை அப்போது டச்சுக்காரர்கள் கையில். பிரெஞ்சுக்காரர்களோடு எந்நேரமும் சண்டை மூளலாம் என்ற நிலையில், வங்கக் கடலுக்குள்ளேயே ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று கம்பெனி தேடியது.

அப்படித்தான் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை லெப்டினன்ட் 1788-89இல் அந்தமான் கரைகளை அளந்தார். தெற்கே நல்ல மறைவான ஒரு துறைமுகத்தைக் கண்டுபிடித்து, 1789 செப்டம்பரில் அதற்குள் இருக்கும் சாத்தம் என்ற குட்டித் தீவில் குடியேற்றத்தை ஆரம்பித்தார். வைத்த பெயர் போர்ட் கார்ன்வாலிஸ். ஆமாம், இன்றைய போர்ட் பிளேரின் முதல் பெயர் அதுதான். வங்காளத்திலிருந்து வந்த கைதிகள் காட்டை வெட்டினார்கள், காய்கறி விளைந்தது, நோயும் பெரிதாக இல்லை. சொல்லப்போனால் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஒழுங்காகப் போனால் மேலிடத்துக்குப் பொறுக்குமா? அப்போது கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு. அவர் தம்பி வில்லியம் கார்ன்வாலிஸ் இந்தியக் கடலில் இருந்த கடற்படைக்குத் தளபதி. வட அந்தமானின் கிழக்குக் கரையில், இன்றைய திக்லிபூர் பக்கத்தில், இதைவிடப் பெரிய துறைமுகம் ஒன்று இருந்தது. கடற்படைத் தளத்துக்கு அதுதான் சரி என்று தம்பி சொன்னார். 1792இல் குடியேற்றம் மொத்தமும் அங்கே மாற்றப்பட்டது. போர்ட் கார்ன்வாலிஸ் என்ற பெயரும் மூட்டை முடிச்சோடு கூடவே போனது. (பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. 1792க்கு முன் என்றால் தெற்கு, பின் என்றால் வடக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

வடக்கே போனதும் காய்ச்சல் ஆரம்பித்தது. அலெக்சாண்டர் கைட் என்ற அதிகாரி 1793இல் பொறுப்பேற்றார். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காட்டை வெட்ட வெட்ட ஆட்கள் விழுந்தார்கள். இதற்கிடையில் 1795இல் திரிகோணமலை ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. பினாங்கு 1786இலேயே கிடைத்திருந்தது. இனி அந்தமான் எதற்கு? 1796இல் கடையைக் கட்டினார்கள். அப்போது அங்கே மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 270 கைதிகளும் 550 வங்காளக் குடியேறிகளும். கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பினார்கள், மற்றவர்களைத் திருப்பி வங்காளத்துக்கு. அதற்குப் பிறகு அந்த வடக்குத் துறைமுகம் பெரிய அளவில் ஆள் நடமாட்டம் கண்டது 1824இல். முதல் பர்மியப் போருக்குக் கிளம்பிய வங்காளப் படையும் மெட்ராஸ் படையும் ஒன்றுசேர்ந்த இடம் அதுதான். நம்ம ஊர் சிப்பாய்கள் பலர் அந்தக் கரையைப் பார்த்திருப்பார்கள், சில நாள் விருந்தாளிகளாக.

1857 கலகம் வந்தது. பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று யோசித்தபோது அந்தமான் மறுபடி நினைவுக்கு வந்தது. டாக்டர் மௌட் தலைமையில் மூன்று பேர் குழு அந்த வருஷக் கடைசியில் தீவுகளைச் சுற்றிப் பார்த்தது. வடக்கு வேண்டாம், நோய் பிடித்த இடம். தெற்கே பிளேர் முதலில் பார்த்த இடம்தான் சரி என்று முடிவு செய்தார்கள். பெயர்க் குழப்பம் தீர அதற்கு போர்ட் பிளேர் என்று பெயர் வைத்தார்கள். அறுபத்தைந்து வருஷம் கழித்து பிளேர் ஜெயித்தார்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் தீர்ப்பு சுலபம்: தெற்கு நல்லது, வடக்கு கெட்டது, அப்பா ஜெயித்தார், தங்கமணி தோற்றாள். ஆனால் அடுத்த மூன்று மாதக் கணக்கு அப்படி முடிக்க விடவில்லை.

1858 மார்ச் 10ஆம் தேதி ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு அதே சாத்தம் தீவில் இறங்கினார். அடுத்தடுத்து கப்பல்கள் வந்தன. ஜூன் நடுவுக்குள் வந்து சேர்ந்த கைதிகள் 773 பேர். அதில் 64 பேர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். 140 பேர் காட்டுக்குள் தப்பி ஓடித் திரும்பவே இல்லை. தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80க்கும் மேற்பட்டவர்களை வாக்கர் தூக்கில் போட்டார். மிச்சம் 481 பேர். 'நல்ல' துறைமுகத்தின் முதல் மூன்று மாதம் இது!

அப்படியானால் வடக்கின் மேல் போட்ட பழிக்கு என்ன அர்த்தம்? அந்தக் காலத்தில் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். 1897இல் ரொனால்ட் ராஸ் (இவர் மூன்றாவது ராஸ், தீவு அல்ல :-)) செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு கிறிஸ்டோஃபர்ஸ் என்ற மருத்துவர் அந்தமான் மலேரியாவை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1912இல் வந்தது. உப்பங்கழி ஓரத்து நீரில் வளரும் ஒரு வகைக் கொசுதான் அங்கே காரணம் என்று அதில் காட்டினார். இந்தக் கொசுவுக்கு வெயில் படும் உப்புத் தண்ணீர் பிடிக்கும். சதுப்புக் காட்டை வெட்டித் திறந்துவிட்டால் அதற்குக் கல்யாண விருந்து. அதாவது, காட்டை வெட்டச் சொன்ன உத்தரவே நோயையும் வளர்த்திருக்கிறது. வெட்டியவன் செத்தான், பழி ஊருக்குப் போனது.

எனக்கு இதில் படுவது இதுதான். இரண்டு முறையும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கப்பலுக்கு எது வசதி, கைதி தப்பாமலிருக்க எது வசதி என்று பார்த்தார்கள். அங்கே வாழப் போகிறவனைக் கேட்கவில்லை. ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை யாருமே கணக்கில் வைக்கவில்லை. இரண்டு துறைமுகங்களும் பெரிய அந்தமானியர் என்று பின்னால் அழைக்கப்பட்ட மக்களின் ஊர்கள். 1859 மே மாதம் போர்ட் பிளேரின் அபர்தீன் பகுதியில் அவர்கள் வில்லும் அம்புமாக வந்து தாக்கினார்கள். அவர்களோடு காட்டில் ஒரு வருஷம் வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற தப்பிய கைதி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதால் ஆங்கிலேயர் தயாராக இருந்தார்கள். அம்புகள் தோற்றன. மிச்சத்தை நோய் பார்த்துக்கொண்டது. 1877இல் வந்த தட்டம்மை மட்டும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பல ஆயிரம் பேராக இருந்த அந்த மக்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். வட அந்தமானில் பேசப்பட்ட போ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். 2004 சுனாமிக்குத் தப்பியவர் அவர்.

சரி, நாலு நாள் லீவுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். தங்கமணியும் கேட்டாள். காரணம் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்கு அந்தமான் டிரங்க் ரோடு வழியே சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் படகில் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புக் காட்டை ஊடறுத்துப் போகிறது. வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் போக்குவரத்து தொடர்ந்தது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆட வைத்த வீடியோ 2012இல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். 1877இல் அந்தமானியரைக் கொன்ற அதே தட்டம்மை 1999இல் இவர்களிடமும் வந்தது.

மணல்திட்டில் நடக்க ஆசைப்படும் தங்கமணிமேல் தப்பே இல்லை. திக்லிபூர் ஜனங்களுக்கு வேறு வழியில்லாமல் அந்தச் சாலை தேவைப்படலாம். ஆனால் லீவுக்கு வருகிற எனக்கு அந்தக் காட்டுக்குள் வண்டியில் போக என்ன அவசரம்? நாலு நாளில் இரண்டு நாளை அப்படிச் செலவழிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவின் முழங்காலும் ஒப்பாது.

ஆகவே தீர்ப்பு: இந்த முறை போர்ட் பிளேர். ஆனால் 'நல்ல ஊர்' என்பதற்காக அல்ல. முதல் நாள் சாத்தம். இப்போது பாலத்தில் போய்விடலாம். 1883இல் ஆரம்பித்த மரம் அறுக்கும் ஆலைக்காகத்தான் பலரும் அங்கே போகிறார்கள். அப்பாவுக்கு நான் காட்டப் போவது 1789இலும் 1858இலும் ஆட்கள் இறங்கிய கரையை. இரண்டாம் நாள் செல்லுலார் சிறை. 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். ஏழு கைகளில் இன்று மூன்றுதான் மிச்சம். மூன்றாம் நாள் எதிரே இருக்கும் ராஸ் தீவு (2018இலிருந்து நேதாஜி பெயரில் இருக்கிறது). கைதிகள் கட்டிக்கொடுத்த சர்ச்சையும் பேக்கரியையும் ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம். நாலாம் நாள் காலையில் அபர்தீன் போர் நினைவுச் சின்னத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு மத்தியானம் சென்னை விமானம்.

தங்கமணிக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை பத்து நாள் லீவு, கடல் வழியாக அரசுக் கப்பலில் திக்லிபூர், மணல்திட்டு, ஆமை எல்லாம். சாட்சிக் கையெழுத்து அப்பா. மேனேஜர் கையெழுத்துதான் பாக்கி.

பி.கு.: ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப் பெயரைப் பற்றி அப்பாவுக்கும் எனக்கும் போனில் தனி விவாதம் ஓடுகிறது. பெயரை அறிவித்தபோது இந்தத் தீவுகள் சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்தவை என்று மத்திய அரசு சொன்னது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபார்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் 1025 வாக்கில் அந்தப் படையெடுப்பில் சோழன் அடித்த பேரரசின் பெயர்தான் ஸ்ரீவிஜயம்! ஜெயித்தவனைப் பாராட்டத் தோற்றவன் பெயரை வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். 'கார்ன்வாலிஸ் பெயரையே ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போன தீவுடா அது' என்றார் அப்பா.