எலிசபெத் மாண்டேகு

எலிசபெத் மாண்டேகு (2 அக்டோபர் 1718 – 25 ஆகஸ்ட் 1800) இங்கிலாந்தின் எழுத்தாளர், இலக்கியத் திறனாய்வாளர், புரவலர். லண்டனில் தம் இல்லத்தில் அவர் நடத்திய இலக்கியக் கூடல்கள், 'நீலக் காலுறை வட்டம்' எனப்பட்ட அறிவாளர் குழுவுக்கு மையமாக விளங்கின. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் கண்டனத்துக்கு மறுப்பாக, ஷேக்ஸ்பியரை ஆதரித்து நூல் எழுதினார். கணவர் மறைந்தபின் நிலக்கரிச் சுரங்கங்களையும் நிர்வகித்தார்.

இளமையும் மணமும்

யார்க் நகரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார்; பிறப்புப் பெயர் எலிசபெத் ராபின்சன். தாய்வழிப் பாட்டியை மணந்திருந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் கான்யர்ஸ் மிடில்டன் அவரது சிறுவயதுக் கல்வியில் அக்கறை காட்டினார். தங்கை சாரா ஸ்காட், பின்னாளில் 'மில்லெனியம் ஹால்' (1762) என்ற நாவலை எழுதியவர். இளமைத் தோழியான மார்கரெட் ஹார்லி போர்ட்லண்ட் பிரபுவை மணந்து சீமாட்டியானபோது, அவரது மாளிகையின் வழியே எலிசபெத்துக்கும் உயர்குடி வட்டாரம் அறிமுகமாயிற்று.

1742இல் எட்வர்ட் மாண்டேகுவை மணந்தார். நாடாளுமன்ற உறுப்பினரும் கணித ஆர்வலருமான எட்வர்ட் அவரைவிட ஏறத்தாழ 26 வயது மூத்தவர். 1743இல் பிறந்த ஒரே மகன் மறு ஆண்டே இறந்தான். அதன்பின் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

இலக்கியக் கூடல்கள்

1750களில் லண்டன் ஹில் தெருவிலிருந்த அவரது வீட்டுக் கூடல்கள் புகழ்பெறத் தொடங்கின. சீட்டாட்டமே மாலைப்பொழுதின் கேளிக்கையாக இருந்த மேல்தட்டு வீடுகளுக்கு நடுவே, அவர் வீட்டில் சீட்டுக்கு இடமில்லை, உரையாடலே நிகழ்ச்சி. சாமுவேல் ஜான்சன், எட்மண்ட் பர்க், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், நடிகர் டேவிட் கேரிக் ஆகியோர் வந்து சென்றனர். எலிசபெத் கார்ட்டர், ஹெஸ்டர் சாப்போன், ஹன்னா மோர், ஃபேனி பர்னி முதலிய பெண் எழுத்தாளர்கள் அவர்களோடு சரிசமமாக வாதிட்டனர். பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்காத அக்காலத்தில், கற்ற பெண்களுக்கு இத்தகைய கூடல்களே பொதுவெளியாயின.

மாண்டேகுவின் வீட்டில் விருந்தினர் பெரிய அரைவட்டமாக அமர்வார்கள். உரையாடலின் கடிவாளம் அவர் கையில் இருக்கும். இவரைப் போலவே கூடல் நடத்திய எலிசபெத் வெசியோ, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து பேசுவதையே விரும்பினார். தாவரவியலாளர் பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட், வழக்கமான பட்டுக் காலுறைக்குப் பதிலாக நீலக் கம்பளிக் காலுறை அணிந்து வந்ததே வட்டத்தின் பெயருக்குக் காரணம் என்பர். பின்னர் அப்பெயர் படித்த பெண்களை ஏளனம் செய்யும் சொல்லாக மாறிற்று.

எழுத்துப் பணி

லிட்டல்டன் பிரபுவின் 'இறந்தோர் உரையாடல்கள்' (1760) நூலில் பெயர் குறிப்பிடாமல் மூன்று உரையாடல்களை எழுதினார். அவரது முதன்மைப் படைப்பான 'ஷேக்ஸ்பியரின் எழுத்துகளும் மேதைமையும் பற்றிய கட்டுரை' 1769இல் வெளிவந்தபோதும் அதில் ஆசிரியர் பெயர் இல்லை. பிரெஞ்சு நாடக இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு ஷேக்ஸ்பியரைக் குறைகூறிய வால்டேருக்கு அது மறுப்பு. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை வால்டேர் மொழிபெயர்த்ததில் உள்ள பிழைகளை அவர் சுட்டிக்காட்டினார். பிரெஞ்சு நாடகாசிரியர் கோர்னேயின் நாடகத்தோடு ஷேக்ஸ்பியரை ஒப்பிட்டார். பேய்களும் சூனியக்காரிகளும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெறும் இடத்துக்குத் தனி இயலே ஒதுக்கினார். நூல் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய மொழிகளுக்குச் சென்றது. ஜான்சன் மட்டும் அதில் உண்மையான திறனாய்வு இல்லை என்று கருதினார். 1776இல் ஷேக்ஸ்பியரைத் தாக்கி வால்டேர் எழுதிய கடிதம் பிரெஞ்சு அகாதமியில் வாசிக்கப்பட்டபோது மாண்டேகுவும் அவையில் இருந்தார்.

சுரங்கமும் புரவலமையும்

நியூகாசில் அருகே டென்டனிலிருந்த நிலக்கரிச் சுரங்கம் எட்வர்டுக்கு மரபுரிமையாக வந்தது. கணவர் உயிரோடிருந்தபோதே சுரங்கக் கணக்குகளைக் கவனித்துவந்த எலிசபெத், 1775இல் அவர் இறந்ததும் சொத்துகளின் முழு நிர்வாகத்தையும் ஏற்றார். கூடல்களின் செலவுக்கும் எழுத்தாளர்களுக்கான உதவிக்கும் இந்த வருவாயே துணை. கிரேக்கத் தத்துவவாதி எபிக்டீட்டஸை ஆங்கிலத்தில் பெயர்த்த கார்ட்டருக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை அளித்தார்.

கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைக் கொண்டு போர்ட்மன் சதுக்கத்தில் மாண்டேகு மாளிகையை எழுப்பினார். 1780களில் கூடல்கள் அங்கே நடந்தன. பறவை இறகுகளால் சுவர் அலங்கரிக்கப்பட்ட அறை அதன் சிறப்பு. மே முதல் நாளில் லண்டனின் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்கு அம்மாளிகையில் விருந்து வைப்பதும் வழக்கமாயிருந்தது.

மறைவும் மரபும்

1800இல் மாண்டேகு மாளிகையில் காலமானார். வாரிசாகத் தத்தெடுக்கப்பட்ட சகோதரர் மகன் மேத்யூ மாண்டேகு, அவரது கடிதங்களில் ஒரு பகுதியை 1809 முதல் 1813 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். கடிதங்களின் பெரும்பகுதி இன்று கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ளது. மாளிகை இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் எழுத்தாளர்களின் வரலாறு மீண்டும் ஆராயப்பட்டபோது, பிரபலங்களை விருந்துக்கு அழைத்தவர் என்றே நினைக்கப்பட்டுவந்த மாண்டேகு, திறனாய்வாளராகவும் தொழில் நிர்வாகியாகவும் மறுமதிப்பீடு பெற்றார்.