கல்லின் வயதை நெல் சொல்லுமா? தமிழகத் தொல்லியலில் கரிமக் காலக்கணிப்பின் வளர்ச்சி

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மணலூர்ப்பேட்டைக்கு அருகே ஜம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு அதியமான் நெடுமான் அஞ்சி குகைத்தளம் ஒன்றைக் கொடையளித்த செய்தி, பாறையில் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட இக்கல்வெட்டு அவனை 'ஸதியபுதோ' என்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையும் சோழர், பாண்டியரோடு இக்குடியைச் சுட்டுகிறது. இத்தொடர்பை வைத்து இரா. நாகசாமி இதைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றார். எழுத்தமைதியை வைத்து ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டு என்றார். இவ்வழக்கை ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது. வெட்டெழுத்தில் கணிக்கத்தக்க கரிமம் இல்லை.

கரித்துண்டும் நெல்மணியும்

உயிருள்ளவரை தாவரம் காற்றிலிருந்து கார்பன்-14ஐப் பெறுகிறது. இறந்ததும் வரவு நின்றுபோகிறது. இருப்பு 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. வில்லார்டு லிப்பி குழுவினர் 1949இல் வெளியிட்ட இம்முறை, 1960களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியின் மாதிரிகள் அங்கே கணிக்கப்பட்டன. அன்று கிராம் கணக்கில் கரி வேண்டியிருந்தது. அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். முறை வந்தபின் ஒரு நெல்மணியே போதுமானதாயிற்று.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் கா. ராஜன் குழுவினர் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் ஜாடி நிறைய நெல்லும், தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490. கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 என்றது. எனினும் கி.மு. 800க்கும் 400க்கும் இடையே, கார்பன்-14 அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோடு ஏறக்குறைய படுத்துக்கிடக்கிறது. அதனால் இக்காலத்து மாதிரி எதையும் ஒற்றை ஆண்டாக அல்லாமல் ஒரு கால வரம்பாகவே வாசிக்க வேண்டும்.

துணைச்சான்றின் தேவை

சிவகளைத் தாழி நெல் கி.மு. 1155ஐத் தந்தது. 2025இல் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, அதே ஊர்த் தாழியொன்றின் கரியைக் கொண்டு கி.மு. 3345ஐ முன்வைத்தது. நெல் ஓராண்டுப் பயிர்; அறுத்த ஆண்டும் அதன் வயதும் ஒன்றே. வைரம் பாய்ந்த மரத்தின் உட்பகுதியோ, வெட்டிய நாளுக்குப் பல நூற்றாண்டு முன்பே உயிரடங்கியிருக்கலாம். பானையோடுகளின் ஒளியுமிழ்வுக் கணிப்பையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் காலடித்தடங்களிலும் இதே சிக்கல் எழுந்தது. தடத்தில் கரிமம் இல்லை. அதற்கு மேலும் கீழுமுள்ள அடுக்குகளின் நீர்த்தாவர விதைகளைக் கணித்து, 2021இல் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்றனர். நீரில் கரைந்த பழைய கரிமத்தை விதை உறிஞ்சியிருக்கலாம் என்ற ஐயம் கிளம்பியது. ஊசியிலை மரங்களின் மகரந்தமும் குவார்ட்ஸ் மணலின் ஒளியுமிழ்வும் 2023இல் அதே காலத்தைக் காட்டின.

முடிவுரை

ஆய்வகம் கணிப்பது எழுத்தையோ இரும்பையோ தடத்தையோ அன்று; உடன்கிடந்த உயிர்ப்பொருளைத்தான். இரண்டும் ஒரே காலத்தில் மண்ணுக்குள் போயின என்று நிறுவுவது அகழாய்வாளரின் கடமை. பொருந்தல் போன்ற இடங்களில் காலம் உறுதிப்பட்ட அடுக்குகளின் எழுத்துகளை வரிசைப்படுத்தினால், எழுத்தமைதிக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். ஜம்பைப் பாறையின் எழுத்துகளை அதில் வைத்து அளக்கலாம்.