அத்திவரதரும் டிவியும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம் காஞ்சிபுரத்தில் படம் தெரிய, மொட்டைமாடியில் உயரமான ஆன்டெனா வேண்டும். 1979இல் அத்திவரதர் எழுந்தருளியபோது தறிக்காரர் வீடுகள் பலவற்றில் டிவியே கிடையாது. அப்பாவும் அம்மாவும் வரிசையில் நின்று சேவித்தார்கள்.

1993இல் சன் டிவி வந்தது. தெருவெல்லாம் கேபிள் ஓடியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன், மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையைத் தொடங்கியது. தனியார் டிஷ்களும் வந்தன. எங்கள் வீட்டிலும் ஒன்று மாட்டினோம்.

2019 ஜூலை 1இல் அத்திவரதர் மறுபடி எழுந்தருளினார். அப்பா அம்மா இருவருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. பழைய டிவியிலோ முகம் தெளிவாக இல்லை. எச்.டி. பெட்டியும் புது டிவியும் வாங்கினோம். டிஷ் பழையதே போதும் என்றார் மாட்டவந்தவர். திசையை மட்டும் சரிசெய்தார். நேரலை வரும் சானல் எண்ணைப் பெரிதாக எழுதி ரிமோட்டில் ஒட்டினேன்.

ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். "நாற்பது வருஷத்துக்கு முன்னாடிகூட இவ்வளவு கிட்டத்துல பார்க்கலைடா" என்றார் அம்மா. ஆகஸ்ட் 17 இரவு பெருமாள் அனந்தசரஸ் குளத்துக்குத் திரும்பினார். இனி 2059இல்தான்.