உளுந்தூர்பேட்டைக் குப்பையும் உழவர் ஏற்கும் உரமும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டை 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் இங்குள்ள சிப்காட் வளாகத்தில் காலணி ஆலை அமைக்க ஒப்பந்தமிட்டது. எதிர்பார்க்கப்படும் வேலைகள் 20,000. இந்நிலையில் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் குப்பை வண்டிகளைத் திட்டமிடுவது பொருந்தாது. வாடகை வீடுகளும் சாலையோர உணவகங்களும் அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருப்பதில்லை. எனினும் அள்ளும் அளவைவிட முக்கியமானது, அள்ளியது எங்கே போய்ச் சேர்கிறது என்பது.

பிரிக்காமல் கலந்து கொட்டுவதன் விலையைச் சென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு காட்டுகிறது. பல பத்தாண்டுகளாகக் குவிந்ததை அகழ்ந்து பிரிக்கச் சென்னை மாநகராட்சி எடுத்த திட்டத்தின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய். சிறு நகராட்சி எதுவும் இந்தச் செலவைத் தாங்காது. ஆனால் சென்னைக்கு இல்லாத ஒரு வசதி உளுந்தூர்பேட்டைக்கு உண்டு: ஊர் முடியும் இடத்தில் வயல் தொடங்கிவிடுகிறது.

நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடியது. அதை உரமாக ஏற்க வயல்களும் உண்டு: இப்பகுதியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. முன்பு கொல்லை எருக்குழியில் சேர்ந்த சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் கோடையில் வண்டியேறி வயலுக்குப் போயின. மாடு குறைந்ததும் கொல்லை சுருங்கியதும் அவ்வழக்கத்தைத் தளர்த்தின. பிளாஸ்டிக் பை கலந்தபின் அக்குப்பை வயலுக்கே ஆகாததாயிற்று.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரும் கடமையை வீட்டார்மீது வைத்தன. பிரித்துத் தந்ததை ஒரே தொட்டியில் கவிழ்க்கும் வண்டியைப் பார்த்தபின் எந்த வீட்டார் மறுவாரமும் பிரிப்பார்? ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்ற அலுவலக வாசகம் இக்கேள்வியைத் தாண்டிவிடுகிறது. கலந்த குப்பையில் உடைந்த பல்பையும் நாப்கினையும் கையால் பொறுக்குவது தூய்மைப் பணியாளர்தான். ஆகவே வண்டியில் தடுப்பு இருப்பதும், பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கும் அதிகாரம் பணியாளருக்கு இருப்பதும் பரப்புரைக்கு முந்திய தேவைகள்.

நகரின் மட்கும் குப்பையிலிருந்து செய்யும் உரத்தில் தழைச்சத்து குறைவு, ஏற்றுகூலி அதிகம் என்பது உழவர் தரப்பு எதிர்வாதம், அது சரியானதே. இதை ஈடுசெய்யவே 2016இல் மத்திய அரசு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. ஆனால் அவ்வுதவி எடையைப் பார்த்தது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர் பார்ப்பது கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்பதை. தூரத்துக்கு விடை அருகிலுள்ள வயல். தூய்மைக்கு விடை வீட்டு வாசல். மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உரக் கூடங்களைக் கட்டட எண்ணிக்கையால் மதிப்பிடுவது, என் பார்வையில், பயனற்ற கணக்கு. உழவர் காசு கொடுத்து எடுத்துச் சென்ற உரம் எவ்வளவு என்பதே உரைகல்.

அள்ளிய டன்களின் கணக்கோடு, விற்ற உரத்தின் கணக்கையும் மாதந்தோறும் வார்டு வாரியாக நகராட்சி வெளியிட வேண்டும்.