இந்தோ-பசிபிக் பாசிமணி

உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கிய ஒற்றை நிறச் சிறுமணி. விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள். செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கருப்பு நிறங்களில் தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஜப்பான், கிழக்கு மற்றும் தென் ஆப்பிரிக்க அகழ்விடங்களில் கிடைக்கிறது. இன்று வழங்கும் பெயரை இட்டவர் அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். அதற்கு முன் 'வணிகக்காற்று மணி' என்ற பெயர் வழங்கியது.

இழுவை மணியை அடையாளம் காண ஓர் உருப்பெருக்கி போதும். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளும் நிறக்கீற்றுகளும் துளையின் போக்கிலேயே நீண்டு கிடக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளையும்.

தொடக்கம் கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் என்பர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டையே பிரான்சிஸ் இதன் தாயகமாகக் கருதினார். அங்கு 1945இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தனர். வீலரின் கவனம் ரோமானியத் தொடர்பைக் காட்டும் மட்கலங்கள் மீதே பெரிதும் இருந்தது. மணித்தொழிலை ஆராய்ந்தவர்களுக்கு உதவியவை முழு மணிகளைவிட உடைந்த குழாய்களும் கண்ணாடிக் கழிவுமே. பழனியருகே பொருந்தலில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் வெளிப்பட்டதால், அரிக்கமேடு பல பட்டறைகளுள் ஒன்றாகவும் இருந்திருக்கலாம்.

செய்முறை பற்றி விரிவாகத் தெரிவது ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையிலிருந்து. திருப்பதிக்கு அருகிலுள்ள இவ்வூரில் இருபதாம் நூற்றாண்டிலும் இத்தொழில் நடந்தது. 'லாடா' எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் இளகிய கண்ணாடியைத் திரட்டி, உருட்டிக் கூம்பாக்குவார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நுனியைத் துளைப்பார்கள். அதை உலைக்குள் வைத்ததும், எதிர்ப்பக்க வாயிலில் அமர்ந்த கைதேர்ந்த தொழிலாளி நுனியைக் கொக்கியால் பற்றி வெளியே கொணர்ந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருப்பார். மணியின் பருமன் அவர் இழுக்கும் வேகத்தில் இருக்கிறது: வேகம் கூடினால் குழாய் மெலியும், தளர்ந்தால் தடிக்கும். அளவுகோல் ஏதுமின்றி, ஒரே சீரான குழாயை மணிக்கணக்கில் எடுக்கும் அந்தக் கைப்பழக்கம் வியப்புக்குரியது. குழாய்களைக் கத்தி முனையில் நறுக்கி, சாம்பலோடு கலந்து சூடேற்றுவார்கள். கூர்முனைகள் உருண்டுவிடும், சாம்பல் துளைகள் அடைபடாமலும் மணிகள் ஒட்டாமலும் காக்கும். அரிக்கமேட்டிலும் இதே முறைதான் இருந்தது என்பது குழாய்க் கழிவுகளின் ஒப்புமையால் பெறப்படும் கருத்து. சிவப்பு மணியே கடினமானது. செம்பு கலந்த கண்ணாடி அந்நிறம் பெற, உலையில் காற்றோட்டத்தைக் குறைத்தாக வேண்டும்.

பிற்காலத்தில் இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் க்ளோங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ ஆகிய இடங்களிலும் மணிகள் செய்யப்பட்டன. தமிழகக் கைவினைஞர்களே இடம்பெயர்ந்து சென்றனர் என்பது பிரான்சிஸின் துணிபு. லோர் துசுபியூ முதலானோரின் வேதியியல் பகுப்பாய்வு, ஒரே தோற்றமுள்ள மணிகள் வெவ்வேறு வகைக் கண்ணாடியால் ஆனவை என்று காட்டியது. ஆகவே பெயர்ந்தவர்கள் ஆட்களா, கண்ணாடிக் கட்டிகளா, தொழில்நுட்பம் மட்டுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வே அருகிலுள்ள கே2 குடியிருப்பில், கடல் கடந்து வந்த சிறுமணிகளை மக்கள் உருக்கி, களிமண் அச்சில் வார்த்துப் பெருமணிகளாக்கினர். கொரியாவில் 523இல் இறந்த முரியோங் மன்னரின் கல்லறையிலும் கண்ணாடி மணிகள் திரளாகக் கிடைத்தன. திமோர், புளோரஸ் தீவுகளில் 'முட்டிசாலா' எனப்படும் பழஞ்சிவப்பு மணிகள் குலச்சொத்தாகவும் மணமகள் வீட்டாருக்குத் தரும் சீராகவும் போற்றப்படுகின்றன.

ஐரோப்பிய வணிகர் வருகைக்குப் பின் வெனிஸ் மணிகள் சந்தையைப் பிடித்தன. கீழடி உள்ளிட்ட அண்மை அகழாய்வுகளிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன.